ஒரே ரத்தம், இரண்டு எண்கள்: ஃபோட்டோஅகூஸ்டிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆழத்தில் இருக்கும் ரத்தநாளத்தில்தான் ஆக்சிஜன் அதிகம்" என்று புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் ஃபோட்டோஅகூஸ்டிக் படத்தை நீட்டினார்; லேசர் ஒளியால் திசுவைச் சூடாக்கி, அப்போது எழும் ஒலியைக் கேட்டு எடுக்கும் படம் அது. எனக்குப் பகீரென்றது. அதே படத்தை, அதே நம்பிக்கையோடு ஒரு காலத்தில் நானும் நீட்டியிருக்கிறேன்.

ஜெல்லில் குமிழி, லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி பற்றியெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரகாசத்தை உறிஞ்சும் திறனாக எண்ணுவது

சில நானோவினாடியே நீளும் லேசர் துடிப்பால் திசு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறினாலே, சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் எழுகிறது. அது ஒலியாகப் பரவ, ப்ரோப் என்ற ஒலி உணர்வி கேட்பது அந்த ஒலியைத்தான். திசு எவ்வளவு உறிஞ்சும் என்பதோடு, அதுவரை எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்பதும் அதன் அளவைத் தீர்மானிக்கும். இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

750 நானோமீட்டரில் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் அதிகம் உறிஞ்சும். 850-இல் ஆக்சிஜன் ஏற்றது. இரண்டையும் ஒப்பிட்டு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை ஐந்து மாதம் அளந்தேன். ஆழத்தில் எண் கூடியதற்கு உடலியல் காரணம்கூட எழுதி வைத்திருந்தேன். பிறகுதான் ஒரே சிரிஞ்சிலிருந்த ரத்தத்தை இரண்டு மெல்லிய குழாய்களில் நிரப்பி, கொழுப்புக் குழம்பில் மை கலந்த ஃபேன்டமுக்குள் (திசுவுக்குப் பதிலாக வைக்கும் மாதிரி) 5 மி.மீ., 20 மி.மீ. ஆழங்களில் வைத்துப் பார்த்தேன். ஒரே ரத்தம், ஆழத்துக் குழாய்க்கு மட்டும் ஆக்சிஜன் அதிகம்! மையின் உறிஞ்சலும் குழம்பின் சிதறலும் 750-ஐத்தான் வழியில் அதிகம் குறைத்திருந்தன. ஐந்து மாத வேலையும் வீண்.

இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான்: மென்பொருள் சிவப்பும் நீலமும் பூசி ஒரு எண்ணைக் கொடுத்ததும் யாரும் கேள்வி கேட்பதில்லை. இந்த இரட்டைக் குழாய்ச் சோதனைக்கு ஒரு மதியம் போதும். அளவீட்டைத் தொடங்கும் முன்பே செய்யுங்கள். ஒளி பரவும் விதத்தைக் கணக்கிட்டுத் திருத்த முடியாவிட்டால், ஆழங்களுக்கிடையே ஆக்சிஜனை ஒப்பிடாதீர்கள்.

லேசர் ஆற்றல்

துடிப்புக்குத் துடிப்பு மாறும். ஒவ்வொன்றின் ஆற்றலையும் அளந்து, கிடைத்த ஒலி அளவை அதனால் வகுங்கள்.

ஆழம் வேண்டி ஆற்றலை ஏற்றுவது

தோலுக்கான பாதுகாப்பு வரம்பு, ஒரு துடிப்புக்கு 700 நானோமீட்டர் வரை சதுர செ.மீ.க்கு 20 மில்லிஜூல்; 1064-இல் 100. ஆற்றலைக் கூட்டினால் கற்றையையும் அகலமாக்குங்கள்.

எங்கும் 1540

1540 என்பது மென்திசுவுக்கென்று மென்பொருள் வைத்துக்கொள்ளும் ஒலிவேகம்; அறை வெப்பநிலைத் தண்ணீரில் அது வினாடிக்குச் சுமார் 1480 மீட்டர். நாளத்தின் விளிம்பு மங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

எலும்புக்கு அடியில் நாளம்

அது பொய் நாளமாக இருக்கலாம்: தோலில் பிறந்த ஒலி கீழே போய் எலும்பில் பட்டுத் திரும்பியிருக்கும். எலும்பின் ஆழத்தைப் போல் சரியாக இரு மடங்கில் தெரிகிறதா என்று அளந்து பாருங்கள்.