பாஸ் கையில், வாசல் மூடியிருந்தது: பாரிஸ் மியூசியம் பாஸ் வாங்குவோர் செய்யும் தவறுகள்

போன வாரம் அக்கா மகனிடமிருந்து ஒரு மெசேஜ். "மாமா, மியூசியம் பாஸ் ஆறு நாளுக்கு நாலு வாங்கிட்டோம். அறுபது இடம் போகலாமாம்!" ஒரே பாஸைக் காட்டிப் பாரிஸின் பல மியூசியங்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் போகலாம் என்பதுதான் இந்தப் பாஸ். அவர்கள் நான்கு பேர். அவன், மனைவி, ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை காலை வந்து இறங்கி, புதன்கிழமை இரவு கிளம்புகிறார்கள். அந்த ஒரு வரி மெசேஜுக்குள் நான்கு தவறுகள் இருந்தன. நான்கையும் நானே முன்பு செய்திருக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியேறிப் பதினான்கு வருடமாகிறது. கோடை வந்தால் வீட்டில் விருந்தாளிகள்தான். யாருக்கு எந்தப் பாஸ், யாருக்குப் பாஸே வேண்டாம் என்று பார்த்துச் சொல்வது என் வேலையாகவே ஆகிவிட்டது. பாஸைத் தொலைக்காதீர்கள், கண்ட இணையதளத்தில் வாங்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் பணத்தையும் நாளையும் இழக்கிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பாஸை முதலில் வாங்கிவிட்டு ஸ்லாட்டை (உள்ளே நுழையும் நேரத்துக்கான பதிவை) அப்புறம் பார்க்கலாம் என்று நினைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். இன்று நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

2022 கோடையில் அப்பாவும் அம்மாவும் முதல் முறையாகப் பாரிஸ் வந்தார்கள். அப்பா அரசுப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லூவ்ர் மியூசியத்தில் படிக்கட்டின் உச்சியில், தலையில்லாமல் இறக்கை விரித்து நிற்கும் சமோத்ராஸ் வெற்றி தேவதையின் சிலையை ஒரு பழைய புத்தகத்தில் பார்த்துப் பார்த்துப் பென்சிலில் வரைந்தவர். அந்தத் துணி மடிப்புகளைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தான் என்று சின்ன வயதில் எனக்குக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஈஃபில் கோபுரம்கூட இரண்டாம் பட்சம்தான்.

நான் ஒரு கவுன்ட்டரில் மூன்று பேருக்கும் 96 மணி நேரப் பாஸ் வாங்கினேன். "எல்லா இடத்திலும் இதைக் காட்டினால் போதுமா?" என்று கேட்டேன். "போதும்" என்றார் விற்றவர். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வெற்றி வளைவில் முதல் முறை பாஸை ஸ்கேன் செய்தோம். லூவ்ரை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம். அன்று மியூசியம் இரவிலும் திறந்திருக்கும், அவசரமில்லாமல் பார்க்கலாம் என்று கணக்கு.

கண்ணாடிப் பிரமிடு வாசலில் காவலர் பாஸைப் பார்த்தார். "உங்கள் நேரம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பாஸ் என்பது டிக்கெட்டுக்கான காசு கட்டியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி மட்டும்தான். இன்ன தேதி, இன்ன மணிக்கு உள்ளே வருகிறேன் என்று லூவ்ரின் டிக்கெட் பக்கத்தில் தனியாக ஸ்லாட் பதிவு செய்ய வேண்டும். பாஸ் வைத்திருப்பவருக்கு அது பூஜ்ய யூரோ. ஆனால் பதிவு கட்டாயம். அங்கேயே நின்று போனில் தேடினேன். அன்று இல்லை, சனிக்கிழமையும் இல்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் 96 மணி நேரம் முடிகிறது. சரி, பாஸ் போனால் போகட்டும், காசு கொடுத்துத் தனி டிக்கெட்டாவது வாங்கலாம் என்று பார்த்தால், அவர்கள் ஊருக்குக் கிளம்பும் திங்கள் வரை அதுவும் இல்லை.

அப்பா பிரமிடுக்குப் பக்கத்தில் இருந்த நீர்த்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். "பரவாயில்லப்பா, வெளியிலேருந்து பார்த்தாச்சே" என்றார். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவருக்கு முழங்கால் வலி. பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சிலையை அவர் இனி நேரில் பார்க்கப்போவதில்லை.

எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக இல்லை. இன்றும் இதே வாசலில் நம் ஊர்க் குடும்பங்கள் கையில் பாஸை வைத்துக்கொண்டு காவலரிடம் கெஞ்சுவதைப் பார்க்கிறேன். விற்பவர்கள் பாஸின் அருமை பெருமைகளை எல்லாம் சொல்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்வதில்லை. காவலர் மேல் குற்றமில்லை. நெரிசலைக் கட்டுப்படுத்த வைத்த விதி அது.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும். லூவ்ர், வெர்சாய் அரண்மனை, சாந்த் ஷப்பேல் தேவாலயம் ஆகிய மூன்றுக்கும் பாஸ் இருந்தாலும் ஸ்லாட் வேண்டும். அந்த மூன்று இடங்களின் முன்பதிவுக் காலண்டரையும் முதலில் திறந்து பாருங்கள். காலண்டரைப் பார்ப்பதற்குக் கையில் பாஸ் இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பாரிஸில் இருக்கும் நாட்களில் மூன்றிலும் இடம் இருந்தால் மட்டும் பாஸைப் பற்றி யோசியுங்கள். வாங்கியதும் அதே உட்காரலில் ஸ்லாட்களைப் போட்டு முடித்துவிடுங்கள். விசா ஸ்லாட்டுக்கு ராத்திரி கண் விழித்தவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. லூவ்ரில் இடம் இல்லையென்றால், உங்கள் கணக்கில் விலையுயர்ந்த டிக்கெட் ஒன்று கழன்றுவிட்டது என்று அர்த்தம். மிச்ச இடங்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுத்தால் அநேகமாக அதுவே மலிவாக இருக்கும்.

ஸ்லாட் போடும்போது இடைவெளியும் முக்கியம். சாந்த் ஷப்பேல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. விமான நிலையம் மாதிரி பை, பெல்ட் எல்லாம் சோதிப்பார்கள். அந்தச் சோதனை வரிசையைப் பாஸ் தாண்டவைக்காது. காலை பத்து மணிக்கு அது, பதினொன்றரைக்கு லூவ்ர் என்று போட்டால் இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பீர்கள். குறைந்தது மூன்று மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

"நாள்" என்று எண்ணுவது

நாம் இரண்டு நாள், நான்கு நாள், ஆறு நாள் என்கிறோம். பாஸ் எண்ணுவது 48, 96, 144 மணி நேரம். முதல் வாசலில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும், நடுவில் நிற்காது. தூங்குகிற நேரமும் மழை பெய்கிற நேரமும் அதில்தான் கழியும்.

இதை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். எனக்குப் பிடித்த திட்டம் ஒன்று: வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஓர்சே மியூசியத்தில் 48 மணி நேரப் பாஸைத் தொடங்குங்கள். வியாழன் மட்டும் ஓர்சே இரவு 9.45 வரை இருக்கும், வான்கோவையும் மொனேவையும் ஆற அமரப் பார்க்கலாம். வெள்ளி காலை சாந்த் ஷப்பேல், மதியம் பாந்தியோன் நினைவு மண்டபம், மாலை 5 மணி வாக்கில் லூவ்ர். சனிக்கிழமை காலை வெர்சாய். பிற்பகல் 3 மணிக்கு முன் உள்ளே நுழைந்துவிட்டால் போதும். பெயருக்கு இரண்டு நாள், நடைமுறையில் மூன்று காலண்டர் நாட்களில் பரவியிருக்கிறது. இதையே திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் இவ்வளவு வசதிப்படாது. ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

விடுமுறை நாளைப் பார்க்காதது

லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்சேக்கும் வெர்சாய்க்கும் திங்கள். அக்கா மகன் இங்கே இருப்பது சனி முதல் புதன் வரை என்றேன் அல்லவா? அதில் திங்கள் இரண்டு பெரிய இடங்கள் இல்லை, செவ்வாய் ஒன்று இல்லை. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. மே 1 அன்று இந்த மூன்றுமே மூடியிருக்கும்.

பிள்ளைகளுக்கும் பாஸ் வாங்குவது

வாங்காதீர்கள். இந்தப் பாஸில் வரும் அரசு மியூசியங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் 18 வயதுக்குக் கீழே எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுமதி இலவசம், வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் போதும். ஸ்லாட் கேட்கும் இடங்களில் அவர்களுக்கும் பூஜ்ய யூரோ ஸ்லாட் சேர்த்துப் போடுங்கள். படகு, பஸ் எல்லாம் சேர்த்து விற்கும் தனியார் சுற்றுலாப் பாஸ்களில் பிள்ளைகளுக்கென்று தனி விலை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் கை தானாகப் பணத்தை எடுக்கிறது. அந்தப் பட்டியலில் மியூசியங்களை அடித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இடங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது

பட்டியலில் ஐம்பதுக்கும் மேல் இடங்கள் இருக்கின்றன. நீங்கள் போகப்போவது ஐந்தோ ஆறோதான். ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு இப்போதே பெயர் தெரிந்த, பாஸ் இல்லாவிட்டாலும் காசு கொடுத்துப் போயிருப்பேன் என்று நினைக்கிற இடங்களை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கும் இன்றைய விலையைப் பக்கத்தில் போடுங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்ன விலை வேண்டாம். லூவ்ர் டிக்கெட் 2024 ஜனவரியில் 17 யூரோவிலிருந்து 22 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32. இந்தியாவிலிருந்து வருகிறவர் இந்த 32-ஐத்தான் எழுத வேண்டும். இதனால் சிலருக்குக் கணக்கு பாஸ் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

"பாஸில் இருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாம்" என்கிற இடத்துக்கு மதிப்பு பூஜ்யம் என்று எழுதுங்கள். கூட்டிய தொகை பாஸ் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்றால் நான் பாஸை வேண்டாம் என்பேன். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, ரயில் வேலைநிறுத்தம் வந்தாலோ அந்த லாபம் போய்விடும்.

ஈஃபில் கோபுரம் உள்ளே இருக்கும் என்று நம்புவது

இல்லை. நிலத்தடி எலும்புச் சுரங்கமும் இல்லை.

மெட்ரோவும் சேர்ந்தது என்று நம்புவது

அதுவும் இல்லை. வாரத்துக்கான நவிகோ பயணக் கார்டு வாங்க நினைப்பவர்கள், அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை வந்து இறங்குகிறவருக்கு முதல் வாரக் கார்டு பிரயோஜனப்படாது.

இலவச இடத்துக்குப் பாஸின் மணி நேரத்தைச் செலவழிப்பது

2019 ஏப்ரலில் தீப்பிடித்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாம் பேராலயத்துக்குள் போகக் காசு இல்லை. மோன்மார்த்ர் குன்றின் மேலே இருக்கும் சாக்ரே கேர் கோயிலுக்கும் இல்லை. நகராட்சி நடத்தும் கார்னவாலே, பெத்தி பாலே போன்ற மியூசியங்களில் நிரந்தரக் காட்சி இலவசம். கார்னவாலேயில் பாரிஸின் வரலாறு முழுவதும் இருக்கிறது, கூட்டமும் குறைவு. நான் லூவ்ருக்கு முன்னால் இங்கேதான் அழைத்துப் போவேன். இவற்றையெல்லாம் பாஸ் தொடங்குவதற்கு முன்போ முடிந்த பின்போ வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு வாய்த்தால் ஓர்சேயும் ஒராஞ்சரி மியூசியமும் இலவசம், முன்பதிவு செய்துகொண்டால் போதும்.

வெர்சாயை அரை நாளில் முடிக்கலாம் என்பது

முடியாது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நீரூற்றுக் காட்சி நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட், அது பாஸில் வராது.

பாஸுக்காக ஓடுவது

2022-ல் அப்பாவுக்கு லூவ்ர் தவறியது என் அறியாமை. அதே பயணத்தில் அம்மாவுக்கு நான் செய்தது அதைவிட மோசம். சாந்த் ஷப்பேலின் மேல் மாடத்தில் பதினைந்து உயரமான வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பைபிள் காட்சிகள். 1248-ல் ஒன்பதாம் லூயி மன்னன் கட்டி முடித்த இடம். நாங்கள் போனபோது வெயில் அடித்துத் தரையெல்லாம் நீலமும் சிவப்புமாக இருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்டா" என்றாள். அன்று பாஸில் இன்னும் இரண்டு இடம் பாக்கி இருந்தது. இருபது நிமிடத்தில் எழுப்பிக் கூட்டிப் போனேன். அந்த இரண்டு இடங்களின் பெயர் அவளுக்கு இப்போது ஞாபகமில்லை. ஒரு இடத்துக்குப் பாஸில் ஒரு தடவைதான் நுழைய முடியும் என்பதால் மறுநாள் திரும்பிப் போகவும் வழியில்லை.

வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஒரு நாளைக்கு ஒரு மியூசியத்துக்கு மேல் தாங்காதவர்கள், இவர்களுக்குப் பாஸ் வாங்கித் தராதீர்கள். தனி டிக்கெட் எடுத்தால் ஐந்து யூரோ பத்து யூரோ கூடப் போகலாம். அவர்கள் உட்கார விரும்பிய இடத்தில் உட்காரட்டும். நல்ல உடம்பும் நல்ல ஷூவும் உள்ள, ஓவியமும் கட்டடக்கலையும் உண்மையாகவே பிடிக்கிற இரண்டு பெரியவர்கள் நான்கு நாள் வந்தால், ஸ்லாட்டும் கிடைத்தால், தாராளமாக வாங்கலாம்.

அக்கா மகனின் பாஸ்களுக்கு வருகிறேன். இன்னும் ஸ்கேன் ஆகவில்லை, வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று விதிகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். முடிந்தால் நான்கையும் திருப்பிவிட்டு பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட். முடியாவிட்டால் பிள்ளைகளுடைய இரண்டையாவது. ஞாயிறு காலை லூவ்ருக்கு நான்கு பேருக்கும் இடம் இருந்தது, அதை நேற்று இரவே போட வைத்துவிட்டேன். உள்ளே போனதும் மோனாலிசா பக்கம் போகும் கூட்டத்தோடு போகாமல், முதலில் அந்தப் படிக்கட்டில் ஏறி, இறக்கைச் சிலையை நாலு பக்கமும் நின்று படம் எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். துணி மடிப்பு தெரிகிற மாதிரி, பக்கத்திலிருந்து.