பாரம் ஏறியதும் திணறும் அவுட்போர்டு இன்ஜின்: எங்கிருந்து பார்ப்பது?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் கரையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். நியூட்ரலில் முறுக்கினால் சீறும். வலையும் ஐஸ் பெட்டியும் மூன்று ஆட்களுமாகக் கிளம்பி முழு வேகம் கொடுத்தால் மட்டும் திணறும். உடனே கார்புரேட்டரைக் கழற்ற உட்காராதீர்கள். பாரத்தில் வரும் கோளாறைப் பாரத்தோடுதான் தேட வேண்டும். ஃபைபர் படகில் மாட்டும் 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், 2 ஸ்ட்ரோக் இன்ஜினை வைத்துச் சொல்கிறேன்.

கரையோரமாக, அலை இல்லாத நேரத்தில், துணைக்கு ஒருவரோடு போங்கள். நங்கூரம், துடுப்பு, லைஃப் ஜாக்கெட் கட்டாயம். இன்ஜினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு ஓட்டுபவர் கையில் கட்டியிருக்கட்டும்.

முதலில் காதைக் கொடுங்கள். முழு வேகத்தில் சத்தம் அமுங்குகிறதா? அல்லது இன்ஜின் அலறியும் படகு நகரவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

அமுங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. அது சரியென்றால், சத்தம் இறங்கும் அந்த நொடியில் துணைக்கு வந்தவர் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். இன்ஜின் மீண்டும் வேகம் பிடித்தால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். பல்பு சப்பிப்போனால் டேங்குக்கும் பல்புக்கும் இடையே அடைப்பு. எத்தனை அமுக்கினாலும் கெட்டியாகவில்லையா? ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்கலாம், பல்பின் வால்வு போயிருக்கலாம். பல்பு நன்றாக இருந்தால் ஃபியூயல் பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வைச் சந்தேகப்படுங்கள். ஃபில்டரில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

அடுத்து ஸ்பார்க் பிளக். முழு வேகத்தில் ஓட்டி அப்படியே ஆஃப் செய்து, சூடு ஆறியதும் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வையுங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஓடும் இன்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிச் சோதிக்கவே கூடாது. ஷாக் அடிக்கும், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சிடிஐ யூனிட்டும் போகலாம்.

அலறினால் புரொப்பல்லர். அதன் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. அது தளர்ந்தால் மெதுவாகப் போகும்போது பிடிக்கும், பாரத்தில் வழுக்கும். நடுக்குழாயிலிருந்து வெளிவளையம் வரை மார்க்கரால் நேராக ஒரு கோடு போடுங்கள். ஒரு சுற்று ஓட்டிவந்து, இன்ஜினை நிறுத்தித் தூக்கிப் பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகி நின்றால் புஷ் போய்விட்டது. இரண்டு தடவை கார்புரேட்டர் கழற்றி மாட்டிய ஒரு படகில் இந்தக் கோடுதான் எனக்கு உண்மையைச் சொன்னது. அப்படியே தங்கூசி (நைலான் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஷாஃப்ட் சீலை அறுத்தால் கியர் ஆயில் பால்போல் வெளுக்கும்.

இன்ஜினிலிருந்து பீய்ச்சும் குளிர்ச்சித் தண்ணீர் மெலிந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வெளியேறும் துளையில் அடைப்பு இல்லையென்றால், தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இப்போது கார்புரேட்டர். பாரமில்லாமல் மெதுவாக ஓடும் ஐடிலுக்கு வேறு துளை, முழு வேகத்துக்கு மெயின் ஜெட் என்ற துளை. அதனால்தான் மெயின் ஜெட் அடைத்தாலும் கரையில் நன்றாக ஓடுகிறது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அளவு மாறிவிடும், ஜெட்டையே மாற்ற வேண்டிவரும்.