மாடு கன்று வீசினால் செய்யக் கூடாதவை

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் எட்டு மாதச் சினை மாடு கன்று வீசிவிட்டால், அதாவது குறை மாதத்திலேயே கன்றைப் போட்டுவிட்டால், முதலில் வரும் பேச்சு "கண்ணு பட்டுருச்சு". இல்லையென்றால் வழுக்கி விழுந்திருக்கும் என்பார்கள். ஏழு மாதத்துக்கு மேல் வீசினால் புரூசெல்லா என்ற பாக்டீரியாவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கன்று வீச்சு நோய் என்பது இதுதான். மனிதருக்கும் தொற்றும்.

எங்கள் சித்தப்பா, விழாமல் தொங்கிய இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) வெறுங்கையால் முழங்கை வரை விட்டு இழுத்தார். விரலில் புல்லறுத்த கீறல். கொடியிலும் அதோடு வரும் நீரிலும்தான் கிருமி மண்டிக் கிடக்கும். கீறல், கண், மூச்சு எதன் வழியாகவும் ஏறும். மூன்று வாரத்தில் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்வையில் பாய் நனையும், காலையில் ஒன்றுமே இல்லாததுபோல் எழுந்து பால் கறப்பார். இடுப்பு வலி மட்டும் விடவில்லை. டைபாய்டு என்று ஊசி போட்டே மூன்று மாதம் ஓடியது. கடைசியில் ஒரு டாக்டர், "வீட்ல மாடு இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வரட்டும் என்று இருக்காதீர்கள். மாடு கன்று வீசியதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் இரண்டு மருந்து சேர்த்து ஆறு வாரம் தருவார்கள். காய்ச்சல் விட்டதென்று பத்தாம் நாளே நிறுத்தினால் திரும்ப வரும்.

இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நமக்கு உண்டு. கன்று வீசிய மாட்டின் கொடியை அப்படிக் கட்டவே கூடாது, கண்மாயிலும் எறியக் கூடாது. நாய் இழுத்து வந்து தெருவெல்லாம் பரப்பும். நீளக் கையுறை போட்டு, கன்றையும் கொடியையும் ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கொடி விழாவிட்டால் இழுக்காமல் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் பண்ணுங்கள். கர்ப்பிணிகள் அந்தத் தொழுவத்துப் பக்கமே வர வேண்டாம்.

கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிப்பதையும் விட்டுவிடுங்கள். பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துப்போகும். ஆட்டுப்பாலுக்கும் இதேதான்; ஆட்டிலிருந்து வரும் வகை மனிதரை இன்னும் கடுமையாகப் படுத்தும்.

வீசிய மாட்டைப் பரிசோதிக்காமல் சந்தைக்கு ஓட்டுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் (பெண்) கன்றுக்கு, ஆயுளுக்கு ஒரே முறை. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். உயிருள்ள கிருமியால் ஆன மருந்து என்பதால் சினை மாட்டுக்குப் போடச் சொல்லாதீர்கள், ஊசியை நீங்களே வாங்கிக் குத்தவும் வேண்டாம். கை தவறி உங்கள் மேல் பட்டால் உங்களுக்கே நோய் வரலாம்.