நாலு பேர், நாலு ஸ்பிட்ஃபயர்: போர் விமான மாடல் செய்யத் தொடங்குவோருக்கு

போர் விமான மாடல் செய்ய ஆசைப்பட்டுப் பெட்டி வாங்கியவர்களில் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு இறக்கை ஒட்டியதும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். நடுவில் ஒரு பிளவு தெரியும். அதன்மேல் பெயின்ட் அடித்துப் பார்ப்பார்கள், பிளவு இன்னும் பளிச்சென்று தெரியும். அப்புறம் பெட்டி பரண்மேல் போய்விடும். எங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அதனால்தான் முதல் மாடலைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்கிறேன். நாங்கள் நான்கு பேர் வாரம் ஒருமுறை ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஆளுக்கொன்றாக எல்லோருக்கும் ஒரே விமானத்தின் கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள் உள்ள பெட்டி. இந்தச் சுற்றில் இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர். மூன்று இடங்களில் கட்டாயம் வேலையை நிறுத்தி, அவரவர் மாடலைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவோம். உடலை ஒட்டி மூடும் முன் ஒருமுறை, பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை, டீகால் (விமானத்தின் சின்னங்களும் எழுத்துகளும் அச்சிட்ட, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டும் முன் ஒருமுறை. அவர் சரி என்றால்தான் அடுத்த வேலை. மூன்று மணி நேரமாக நாமே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளில் உள்ள கோணல் நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்கு மூன்று நொடியில் தெரிந்துவிடும்.

எந்த விமானம், எந்த அளவு

1/72 அளவில் தொடங்குங்கள். உண்மையான விமானத்தில் ஆறடி என்பது மாடலில் ஓர் அங்குலம். இந்த அளவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1936-இல் பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் வெளியிட்ட பெங்குவின் பிளாஸ்டிக் கிட்டுகள் 1/72-இல்தான் இருந்தன. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று வீரர்களுக்கு அடையாளம் கற்றுக்கொடுக்க, பள்ளி மாணவர்களிடம் மர மாடல்கள் செய்து தரும்படி கேட்டது. லட்சக்கணக்கில் கேட்ட அந்த மாடல்களுக்கும் இதே அளவுதான். நிழலுருவம் மட்டும் தெரிந்தால் போதும் என்பதால் கருப்பு அடித்தார்கள். ஏர்ஃபிக்ஸ் 1953-இல் வெளியிட்ட முதல் விமான கிட்டும் 1/72 ஸ்பிட்ஃபயர்தான்.

ஸ்பிட்ஃபயரின் முதல் வகையான மார்க் 1-இன் இறக்கை அகலம் 11.23 மீட்டர். 1/72-இல் அது 15.6 சென்டிமீட்டர் ஆகிவிடும், உள்ளங்கையில் அடங்கும். கண் கொஞ்சம் சிரமப்படும் என்றால் 1/48 எடுங்கள், 23.4 சென்டிமீட்டர் வரும். அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

ஒற்றை எஞ்சின், வாலில் சக்கரம், மேலே அதிகம் போனால் இரண்டு நிறம். இந்த மூன்றும் இருக்கும் விமானம் முதல் மாடலுக்குச் சரி. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மெஸ்ஸர்ஷ்மிட் 109, ஜப்பானின் ஸீரோ எல்லாம் இந்த வகை. லைட்னிங், ஏராகோப்ரா, மிட்செல் போல மூக்கில் சக்கரம் உள்ளவற்றுக்கு உடலை மூடும் முன்பே முன்பக்கத்தில் ஈயக்குண்டு வைக்க வேண்டும். மறந்தால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். இரட்டைத்தட்டு இறக்கை உள்ள பழைய விமானங்களையும் வெறும் உலோக நிறத்தில் பளபளப்பவற்றையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

மேசையில் என்ன வேண்டும்

அதிகம் வேண்டாம். கூர்மையான நிப்பர் (துண்டுகளை வெட்டும் சிறு கட்டர்), மெல்லிய கத்தி, ட்வீசர், மாஸ்கிங் டேப், 400 முதல் 1000 வரை மூன்று நான்கு வகை உப்புத்தாள், மாடலுக்கான பட்டி, நல்ல தட்டைத் தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று. நிப்பரில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். மற்றதெல்லாம் நான்கு பேருக்குப் பொதுவாக இருக்கலாம்.

பசை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடலுக்கான திரவப் பசை, பெயரில்தான் பசை. அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் இரு ஓரங்களையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கிவிடும். காய்ந்ததும் இரண்டு துண்டு ஒரே துண்டாகிவிடும். தண்ணீர்போல ஓடும் வகையை வாங்குங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடிப் பரவும். சூப்பர் குளூ இப்படிக் கரைக்காது, உலோகத் துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பகுதிக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம். என் இரண்டாவது மாடலில் விமானி அறையின் மூடியைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெண்பனி படிந்ததுபோல மங்கியிருந்தது. அதற்குள் நான் வரைந்திருந்த மீட்டர்கள் எதுவும் இப்போது தெரியாது. கண்ணாடி மூடிக்கு மரவேலைக்கான வெள்ளைப் பசை போதும்.

திரவப் பசையின் ஆவி தலைவலி தரும். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் உட்கார வேண்டும்.

துண்டுகளை வெட்டுவது

கிட்டில் துண்டுகள் எல்லாம் ஸ்ப்ரூ என்கிற சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் போட்ட எண்ணெய்ப் பிசுக்கு சில சமயம் மேலே இருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது.

ஒவ்வொரு துண்டையும் இரண்டு வெட்டில் எடுங்கள். முதல் வெட்டு துண்டிலிருந்து தள்ளி, காம்பைக் கொஞ்சம் விட்டு. துண்டு கைக்கு வந்ததும், மிச்சக் காம்பை ஓரத்தை ஒட்டி இரண்டாவது வெட்டு. கடைசியாக உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. ஒரே வெட்டில் ஒட்டி வெட்டினால் காம்போடு துண்டின் ஓரமும் பிய்ந்து ஒரு வெள்ளைக் குழி விழும். தேவைப்படும்போது மட்டும் வெட்டுங்கள். முன்கூட்டியே எல்லாவற்றையும் வெட்டிக் கொட்டினால் எந்தத் துண்டு எதற்கு என்று தேடியே ஒரு மாலை போய்விடும்.

ஒட்டும் முன் ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். எந்தத் துண்டாக இருந்தாலும் இதைச் செய்யாமல் பசையைத் தொடக்கூடாது.

விமானி அறையும் முதல் நிறுத்தமும்

எல்லா விமானமும் உள்ளிருந்துதான் தொடங்கும். இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, மீட்டர் பலகை. பிரிட்டிஷ் விமானங்களில் சாம்பல் கலந்த பச்சை, மீட்டர் பலகைக்குக் கருப்பு. கருப்பு காய்ந்ததும் தூரிகையில் வெளிர் சாம்பல் நிறத்தைத் தொட்டு, அதைத் துணியில் ஏறக்குறைய முழுக்கத் துடைத்துவிட்டு, பலகையின்மேல் லேசாக வருடுங்கள். மேடான இடங்களில் மட்டும் நிறம் ஏறி, ஒவ்வொரு மீட்டரின் வட்டமும் மேலெழுந்து வரும். அரிசியைவிடச் சிறிய அந்த வட்டங்கள் முதன்முதலில் தெரியும்போது யாராக இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

சரி, இப்போது முதல் நிறுத்தம். உடலின் இரு பாதிகளையும் டேப்பால் சேர்த்துக்கட்டி அடுத்தவரிடம் கொடுங்கள். அவர் பார்க்க வேண்டியது: விமானி அறை இடையில் மாட்டி உடலை மூடவிடாமல் தடுக்கிறதா, இருக்கை நேராக இருக்கிறதா, மூடியபின் உள்ளே வைக்க முடியாத துண்டு ஏதாவது வெளியே கிடக்கிறதா. எங்கள் மேசையில் வால் சக்கரம் இப்படி இரண்டு முறை வெளியே கிடந்தது.

மூடுவது, தேய்ப்பது

உடலை ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். மூக்கில் ஒரு அங்குலம் ஒட்டி, அரை நிமிடம் பிடித்து, பிறகு அடுத்த அங்குலம். லேசாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் ஒரு நூல்போல இணைப்பின்மேல் பிதுங்கி வரும். அதைத் துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, 400 உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் அந்த நூலோடு பிளவும் மறைந்துவிடும். மிஞ்சிய பள்ளத்துக்குத்தான் பட்டி. அப்புறம் 600, 800, 1000.

ஸ்பிட்ஃபயரின் இறக்கைகள் உடலிலிருந்து லேசாக மேல்நோக்கிப் போகும். ஒட்டியதும் மாடலை மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, நேர் எதிரிலிருந்து பாருங்கள். இரண்டு இறக்கை நுனியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வால் இறக்கை அந்த இரு நுனிகளையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக, வால் துடுப்பு செங்குத்தாக நிற்க வேண்டும். பசை இளகியிருக்கும் பத்து நிமிடத்துக்குள் திருத்திவிடலாம். நுனிகளுக்கு அடியில் ஒரே உயரத்தில் இரண்டு தீப்பெட்டி வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

இரண்டாவது நிறுத்தம் இங்கே. சாம்பல் நிறப் பிரைமர் ஒரு பூச்சு அடித்துக் கொடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஒளிந்திருந்த கீறல், பிளவு, விரல்ரேகை எல்லாம் பிரைமரில் காட்டிக்கொடுத்துவிடும். பார்ப்பவர் குறை தெரியும் இடத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டித் திருப்பித் தருவார். என் மாடல் ஒருமுறை ஒன்பது டேப்போடு திரும்பி வந்தது. ஒன்பதையும் சரிசெய்தபின் பார்த்தால், அதுவரை நான் செய்ததிலேயே அதுதான் சுத்தமான மாடல்.

நிறம்

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். அதனால் அடிவயிற்றிலிருந்து தொடங்குங்கள். 1940 ஜூன் மாதத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் போர் விமானங்களின் அடிப்பக்கம் 'ஸ்கை' என்ற வெளிர் பச்சை. அதற்கு முந்தைய மாதங்களில் இடது இறக்கையின் அடி கருப்பு, வலது வெள்ளை. தரையில் இருந்து பார்ப்பவர்கள் தம் விமானம் என்று உடனே அடையாளம் காண வேண்டும் என்பதற்காகச் செய்தது. மேலே மண் பழுப்பும் அடர் பச்சையும். 1941 ஆகஸ்டில் பழுப்புக்குப் பதிலாகக் கடல் சாம்பல் வந்தது.

இந்த மாற்றங்கள்தான் கூட்டாகச் செய்வதன் பெரிய சுகம். ஒரே கிட்டில் ஒருவர் கருப்பு வெள்ளை அடியும் இன்னொருவர் ஸ்கை அடியும் செய்யலாம். மேல்பக்கப் பச்சைப் பழுப்பு வடிவத்தைக்கூடக் கண்ணாடியில் பார்த்ததுபோல இடவலம் மாற்றி அடித்ததுண்டு. ஒவ்வொருவரும் தமக்கான விமானத்தின் புகைப்படத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தில் விமானத்தின்மேல் உள்ள எழுத்துகளுக்குப் பின்னால் அதை ஓட்டிய ஓர் ஆள் இருக்கிறார். அவர் பெயர் தெரிந்துவிட்டால் மேசையில் வேலை செய்யும் கைகளே மாறிவிடும்.

அக்ரிலிக் பெயின்ட்டைப் பால் பதத்துக்கு நீர்க்க வைத்து, தட்டைத் தூரிகையால் ஒரே திசையில் இழுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, ஈரத்திலேயே மறுபடி தொட்டால் அடிப்பூச்சு உரிந்து வரும். நன்றாகக் காய்ந்தபின் குறுக்குத் திசையில் இரண்டாவது, அப்புறம் தேவைப்பட்டால் மூன்றாவது.

மூன்றாவது நிறுத்தம், டீகால்

டீகால் ஒட்டுவதற்கு முன் மாடல் முழுக்கப் பளபளப்பு வார்னிஷ் அடிக்க வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயின்ட் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அது சொரசொரப்புதான். அந்தச் சிறு குழிகளில் காற்று மாட்டிக்கொண்டு, டீகாலின் ஓரம் வெள்ளியாக மின்னும். அடுத்தவர் மாடலை விளக்கடியில் சாய்த்துப் பார்க்கட்டும். விளக்கின் பிரதிபலிப்பு எங்கே மங்குகிறதோ அங்கே இன்னொரு பூச்சு வேண்டும்.

டீகாலை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் நனைத்து வெளியே வைத்துக் காத்திருங்கள். தாளின்மேல் தானாக வழுக்கத் தொடங்கியதும், தாளோடு மாடலுக்குக் கொண்டுபோய், ஈரத் தூரிகையால் தள்ளி இறக்குங்கள். டீகாலை இளக்குவதற்கென்றே உள்ள திரவத்தைத் தடவினால் முதலில் பயங்கரமாகச் சுருங்கும். கை வைக்காதீர்கள். காயும்போது தானே படிந்து, பள்ளக் கோடுகளுக்குள் இறங்கி, பெயின்ட் அடித்ததுபோல ஆகிவிடும்.

கடைசி வேலைகள்

மறுநாள் மேட் வார்னிஷ். பிறகு சக்கரம், புரொப்பெல்லர், கண்ணாடி மூடி. அழுக்கும் புகையும் அடக்கமாகப் போடுங்கள். எஞ்சின் புகைக்குழாயிலிருந்து பின்னோக்கி ஒரு பழுப்பு நிழல் போதும். துப்பாக்கி வாய்களுக்குச் சிறு சிவப்புச் சதுரம் வையுங்கள். உள்ளே ஈரமும் குளிரும் இறங்காமலிருக்க உண்மையிலேயே அங்கே துணி ஒட்டி மூடியிருந்தார்கள்.

ஆரம்பகால மார்க் 1-இல் ஆண்டெனா கம்பத்திலிருந்து வால் துடுப்புக்கு ஒரு கம்பி ஓடும். அதை மிச்சமிருக்கும் ஸ்ப்ரூவிலிருந்தே எடுக்கலாம். ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல், உருட்டிக்கொண்டே பிடியுங்கள். நடுவில் பளபளத்துத் தொய்ந்ததும் வெளியே எடுத்து, ஒரு நொடி பொறுத்து, இரு கையாலும் சீராக இழுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். வேகமாக இழுத்தால் இன்னும் மெல்லியது. இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மாடலைப் பிடிக்க, ஒருவர் இழையை ஒட்ட. 1940-இல் புதிய வானொலி வந்தபின் இந்தக் கம்பி போய்விட்டது. அதனால் உங்கள் புகைப்படத்தில் கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த சுற்றுக்கு எங்கள் மேசையில் அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங் முடிவாகியிருக்கிறது. நீங்களும் அதைத் தேர்ந்தெடுத்தால், இரண்டாவது நிறுத்தத்தில் இறக்கையைத் தனியாகப் பாருங்கள். காற்று வழுக்கிப் போவதற்காகத் தொழிற்சாலையிலேயே அந்த இறக்கையின் ஆணி வரிசைகளுக்குப் பட்டி போட்டுத் தேய்த்து, மேலே வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கிட்டில் அங்கே ஆணிக் குழிகள் இருந்தால், அவற்றை நாமும் பட்டி போட்டு அடைக்க வேண்டும்.