இன்டர்லூக்கின்-2 தன் ஏற்பிகளுடன் பிணைந்திருக்கும் வடிவத்தைத் திரையில் ஆராய்வது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியல் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயெதிர்ப்புச் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன்களைப் பாடநூலில் வட்டமாகவும் அம்புக்குறியாகவும் மட்டுமே பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றான இன்டர்லூக்கின்-2, செல்லின் பரப்பில் தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிப் புரதங்களோடு சேர்ந்திருக்கும் உண்மையான வடிவத்தைக் கட்டணமின்றி இணையத்திலேயே பார்க்கலாம்.

முதலில், புரதத் தரவு வங்கியின் ஆர்சிஎஸ்பி தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் 2பி5ஐ (2B5I) என்ற குறியீட்டை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். கடைசியில் வருவது ஐ என்னும் எழுத்து; எண் ஒன்று அல்ல. இன்டர்லூக்கின்-2 தன் மூன்று ஏற்பிகளான ஆல்ஃபா, பீட்டா, காமா ஆகியவற்றோடு ஒருசேரப் பிணைந்திருக்கும் இந்த வடிவம், எக்ஸ் கதிர் படிகவியல் மூலம் 2.3 ஆங்ஸ்ட்ராம் பகுதிறனில் (இந்த எண் சிறியதாக இருந்தால் படம் தெளிவானது) கண்டறியப்பட்டு 2005-ல் வெளியானது.

இரண்டாவதாக, படத்துக்குப் போகும் முன் அதே பக்கத்தில் உள்ள அட்டவணையைப் படித்து, எந்தச் சங்கிலி எந்தப் புரதம் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் பிறகு நிறங்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவதாக, அதே தளத்தில் உள்ள முப்பரிமாணப் படம் காட்டும் கருவியான மோல்ஸ்டார் காட்சியைத் திறந்து மெதுவாகச் சுழற்றுங்கள். நான்கு ஆல்ஃபா சுருள்கள் கட்டாகச் சேர்ந்த சிறிய புரதம்தான் இன்டர்லூக்கின்-2. பீட்டாவும் காமாவும் அதை இருபுறமும் அணைத்துக்கொண்டு, கீழே ஒன்றையொன்று தொடுகின்றன. ஆல்ஃபா ஏற்பியோ இன்டர்லூக்கின்-2-இன் தலைப்பகுதியில் மட்டும் அமர்ந்து, மற்ற இரண்டையும் தொடாமலே நிற்கிறது. இந்த இடைவெளியை நீங்களே கண்டுபிடிக்கும் வரை சுழற்றிப் பாருங்கள். முழுக் கட்டமைப்பையும் புரிந்துகொள்ள அதுவே திறவுகோல். ஆல்ஃபா தானாகச் செய்தி கடத்துவதில்லை, சைட்டோகைனைப் பிடித்து மற்ற இரண்டிடம் சேர்ப்பதே அதன் வேலை. பீட்டாவும் காமாவும் மட்டும் இருந்தால் ஏறத்தாழ 1 நானோமோலாராக இருக்கும் பிரிகை மாறிலி (இது குறையக் குறையப் பிணைப்பு வலுவானது), ஆல்ஃபாவும் சேரும்போது 10 பிகோமோலார் அளவுக்கு இறங்கி, பிணைப்பு ஏறத்தாழ நூறு மடங்கு வலுப்படுகிறது.

நான்காவதாக, மேலே உள்ள வரிசைப் பட்டையில் இன்டர்லூக்கின்-2-ஐத் தேர்ந்து, 42-ஆம் இடத்து அமினோ அமிலமான ஃபினைலலனினைச் சொடுக்குங்கள். திரை அதை நோக்கி நெருங்கி, சுற்றியுள்ள அமினோ அமிலங்களைக் குச்சி வடிவில் காட்டும். அதன் வளையம் ஆல்ஃபாவின் பரப்பில் அழுந்தியிருப்பதைக் கவனியுங்கள். இந்த ஒன்றை அலனினாக மாற்றினாலே ஆல்ஃபாவுடனான பிணைப்பு பெரிதும் குலைந்துவிடுகிறது.

வேலூர்க்காரர்களுக்கு இந்த இடம் நெருக்கமானதாக இருக்க வேண்டும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-ல் நம் சிஎம்சி (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் நடந்தது. இன்று அத்தகைய நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்துகளில் ஒன்றான பாசிலிக்சிமாப், இதே ஆல்ஃபா ஏற்பியை மறித்து, இன்டர்லூக்கின்-2 வந்து அமராதபடி செய்து, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

படத்தில் இல்லாததையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஏற்பிகளின் செல்லுக்கு வெளியேயுள்ள பகுதிகள் மட்டுமே இந்தப் படிகத்தில் உள்ளன. உள்ளே செய்தியைத் தொடரும் ஜேக்1, ஜேக்3 நொதிகளை இதில் தேட வேண்டாம்.

அடுத்து 1பி9எம் (1P9M) குறியீட்டில் இன்னொரு சைட்டோகைனான இன்டர்லூக்கின்-6-இன் ஆறு புரதத் தொகுப்பைப் பாருங்கள். அதன் பகுதிறன் 3.65 ஆங்ஸ்ட்ராம்தான், எனவே சங்கிலிகள் நிற்கும் விதத்தை நம்பலாம், தனித்தனிப் பக்கக் கிளைகளின் நிலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.