திருத்தங்களை அச்செடுக்கும்போது செய்யக்கூடாதவை

ஓர் ஆவணத்தை நான்கு பேர் திருத்தியிருப்பார்கள். அச்செடுத்த தாளில் ஒருவருடைய திருத்தங்கள் மட்டுமே இருக்கும். பிரிண்டரைக் குறை சொல்வதற்கு முன், மைக்ரோசாப்ட் வேர்டில் 'ரிவ்யூ' பகுதிக்குப் போய் எந்தத் திருத்தங்களும் குறிப்புகளும் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் 'ஷோ மார்க்கப்' பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே யாருடைய பெயருக்கான குறியை எடுத்துவிட்டோமோ, அவருடைய திருத்தங்கள் தாளிலும் வராது. அச்செடுக்கும் பக்கத்தில் 'பிரிண்ட் மார்க்கப்' தேர்வாகியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு இதற்கு நேர் எதிரானது. 'நோ மார்க்கப்' காட்சியை வைத்ததும் பக்கம் சுத்தமாகத் தெரியும். வேலை முடிந்தது என்று நம்பிக் கோப்பை அப்படியே வெளியாருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காட்சி திருத்தங்களை மறைக்கிறதே தவிர, நீக்குவதில்லை. விலையை 50,000 என்று எழுதி, பிறகு 65,000 ஆக மாற்றியிருந்தால், பெறுபவர் 'ஆல் மார்க்கப்' என்று மாற்றிய மறுகணம் இரண்டு தொகையையும் பார்த்துவிடுவார். ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்க வேண்டும் அல்லது நிராகரிக்க வேண்டும். ஓரக் குறிப்புகளைத் தனியாக நீக்க வேண்டும். திருத்தங்களை ஏற்பதால் குறிப்புகள் போய்விடுவதில்லை. கடைசியாக, கோப்பில் மறைந்திருப்பவற்றைத் தேடிக் காட்டும் 'இன்ஸ்பெக்ட் டாகுமென்ட்' வசதியால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இவை எல்லாவற்றையும் நகல் கோப்பில்தான் செய்ய வேண்டும். யார் எதை ஏன் மாற்றினார் என்ற பதிவு மூலக் கோப்பில் இருந்தே ஆக வேண்டும்.

குறிப்புகள் நிறைய இருக்கும் ஆவணத்தை ஓரத்துக் கட்டங்களோடு அச்செடுத்தால் பக்கம் சுருங்கி, எழுத்து கண்ணுக்கு எட்டாமல் போகும். அச்சு அமைப்பில் 'லிஸ்ட் ஆஃப் மார்க்கப்' என்றொரு தேர்வு உண்டு. திருத்தங்களையும் குறிப்புகளையும் எழுதியவர் பெயரோடு அது பட்டியலாகவே தந்துவிடும். பலருக்கு இது தெரியாதது வருத்தமான விஷயம். ஆனால் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். "இந்த எண் சரியா?" என்ற குறிப்பு, மூல வாக்கியம் அருகில் இல்லாவிட்டால் யாருக்கும் பயன்படாது. ஆவணத்தையும் சேர்த்தே அச்செடுங்கள்.

கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் ஆளுக்கொரு நிறம் என்ற அடையாளம் போய்விடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் பிடிஎஃப் ஆக்கும்போது குறிப்புகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. திரையில் படிப்பதற்கென்றால் பிடிஎஃப் குறிப்புகளாகச் சேர்க்கலாம். தாளில் எடுக்கப்போகிறவர்கள் பக்க ஓரத்தில் இடுவதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் வேர்ட் கோப்பாக இறக்கிக்கொண்டால், பரிந்துரைகளும் குறிப்புகளும் கூடவே வரும், அங்கிருந்து அச்செடுக்கலாம்.