சப்பாலா ஏரிக்கரையில் குடியேறுகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

முதல் தவறு ஊர்ப் பெயரிலேயே ஆரம்பித்துவிடும். புதிதாக வருகிறவர்கள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி ‘அஜிஜிக்’ என்பார்கள். ஸ்பானிய மொழியில் j எழுத்துக்கு ‘ஹ’ ஓசை. ஊர் ‘அஹிஹிக்’. டாக்ஸிக்காரர் சிரிக்காமல் வண்டியை எடுத்தால் அது அவருடைய பெருந்தன்மை.

மெக்சிகோவின் மிகப் பெரிய ஏரி சப்பாலா. குவாதலஹாரா நகரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கு மேல். வடகரையில் சப்பாலா, சான் அந்தோனியோ, அஹிஹிக், சான் ஹுவான் கொசலா, ஹோகோதெபெக் என்று ஊர்கள் ஒரே சாலையில் கோத்தது போல இருக்கும். வெயிலும் குளிரும் அளவோடு இருப்பதால் அமெரிக்க, கனடா ஓய்வூதியக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இங்கே வந்து தங்குகிறார்கள். அவர்களுடைய சங்கமான லேக் சப்பாலா சொசைட்டி 1955-லிருந்தே இருக்கிறது. நானும் மனைவியும் டெக்சாஸில் வேலையை முடித்துக்கொண்டு இங்கே வந்து நான்கு வருடமாகிறது.

வெளிநாட்டவர்கள் உதவும் குணம் உள்ளவர்கள்தான். காபிக்கடையில் ஒரு சந்தேகத்தைச் சொன்னால் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். சிக்கலே அங்கேதான். 2009-ல் வந்தவர் 2009-ல் நடந்ததை இன்றைய சட்டம் போலச் சொல்வார். கேட்டவர் அடுத்த வாரம் வருகிறவருக்கு அதையே சொல்வார். நான் செய்த தவறுகளும் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இப்படிக் காதால் கேட்ட சட்டத்தால் வந்தவை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து வீட்டைச் சுத்தம் செய்து துணி துவைத்துத் தருகிற அம்மா ஒருவர் உண்டு. முதல் டிசம்பரில் அவருக்கு என்ன கொடுப்பது என்று எதிர்வீட்டு கனடாக்காரரிடம் கேட்டேன். ‘ஒரு கேக், கையில் ஐந்நூறு பெசோ. அதற்கு மேல் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள்’ என்றார். அப்படியே செய்தேன். அந்த அம்மா கேக்கை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஜனவரியில் பக்கத்துவீட்டு மெக்சிகோக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வேறு எதையோ பேச வந்தவர், ‘அகினால்தோ கொடுத்துவிட்டீர்கள்தானே?’ என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது.

அகினால்தோ என்பது நாம் மனமிரங்கிக் கொடுக்கிற இனாம் அல்ல. சட்டப்படி சேரவேண்டிய கூலி. குறைந்தது 15 நாள் சம்பளம், டிசம்பர் 20-க்குள் கையில் கொடுக்க வேண்டும். வாரத்தில் சில நாள் மட்டும் வருகிறவருக்கும் உண்டு. கணக்கு சுலபம். ஒரு நாளைக்கு 400 பெசோ, வாரத்துக்கு இரண்டு நாள் என்று வையுங்கள். வாரம் 800, வருடத்துக்கு 41,600. அதை 365-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் சுமார் 1,710 பெசோ. வருடத்தின் நடுவில் வேலைக்கு வந்திருந்தால் அந்த மாதங்களுக்கு ஏற்ற பங்கு. நான் மீதிப் பணத்தை ஒரு உறையில் போட்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தேன். அவர் அதை எண்ணிப் பார்க்காமல் ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, ‘புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாது’ என்று மட்டும் சொன்னார்.

இதோடு முடியவில்லை. ஒரு வருடம் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு, அந்த நாட்களின் சம்பளத்தில் கால் பங்கு கூடுதல் தொகை. இந்த 12 நாள் 2023-லிருந்து வந்தது. அதற்கு முன் 6 நாள்தான். காபிக்கடையில் இன்னும் பழைய கணக்கே ஓடுகிறது. வீட்டு வேலையாட்களை இம்ஸ் என்கிற சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் பதிவு செய்வதும் இப்போது கட்டாயம். காரணமில்லாமல் நிறுத்தினால் மூன்று மாதச் சம்பளமும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளமும் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆகவே வீடு வாங்கும்போது ‘தோட்டக்காரரையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், தங்கமான மனிதர்’ என்று பழைய உரிமையாளர் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அவருடைய பதினைந்து வருட சர்வீஸும் வீட்டோடு சேர்ந்து உங்கள் கணக்குக்கு வந்துவிடும். விற்கிறவர் முதலில் கணக்கைத் தீர்த்து, எழுத்தில் வாங்கி, பிறகு நீங்கள் புதிதாக வேலைக்கு எடுப்பதே முறை.

அடுத்தது விசா. ‘டூரிஸ்ட்டாக வந்தாலே 180 நாள் கிடைக்கும், முடிந்ததும் எல்லையைத் தாண்டிப் போய்விட்டு வந்தால் மறுபடி 180’ என்பது ஊரின் பழைய வேதவாக்கு. 180 என்பது உச்சவரம்பு மட்டுமே. எத்தனை நாள் என்பதைக் குடிவரவு அதிகாரி முடிவு செய்கிறார். பாஸ்போர்ட்டில் எழுதிய எண்ணைக் கவுண்டரை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். முப்பது நாள் மட்டும் கிடைத்ததைக் கவனிக்காமல் மூன்று மாதத்துக்கு வாடகை கொடுத்தவரை எனக்குத் தெரியும்.

தற்காலிகமாகக் குடியிருக்கும் அனுமதி வேண்டுமென்றால் பொதுவாக மெக்சிகோவுக்கு வெளியே உள்ள தூதரகத்தில், வருமானத்தையோ சேமிப்பையோ காட்டி விசா வாங்கி வர வேண்டும். அந்த விசாவோடு உள்ளே வந்த பிறகு 30 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் அட்டையாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விமான நிலையத்தில் அவசரத்தில் ‘டூரிஸ்ட்’ என்று முத்திரை விழுந்துவிட்டால் பல மாத உழைப்பு வீண். விசா ஒட்டிய பக்கத்தை நீங்களே திறந்து நீட்டி, ‘கான்ஹே’ என்ற சொல்லைச் சொல்லுங்கள். மாற்றிக்கொள்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. முத்திரையில் 30 நாள் என்று இருந்தால்தான் சரி. முதலில் ஒரு வருடத்துக்குத் தருவார்கள், மொத்தம் நான்கு வருடம் வரை நீட்டிக்கலாம், பிறகு நிரந்தரம். நிரந்தரம் கிடைத்த சந்தோஷத்தில் அமெரிக்க நம்பர் பிளேட் காரை மறந்துவிடுகிறார்கள். தற்காலிக அட்டைக்காரர் அனுமதியோடு அதை வைத்திருக்கலாம், நிரந்தர அட்டைக்காரர் வைத்திருக்கக் கூடாது. வீடு மாறினால் 90 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இந்திய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ இருந்தால் சுற்றிப் பார்க்க மெக்சிகோ விசா தேவையில்லை. ஆனால் கிரீன் கார்டை வைத்துக்கொண்டு இங்கேயே வாழ்ந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ‘வருடத்துக்கு ஒரு தடவை போய் முத்திரை குத்திக்கொண்டு வந்தால் போதும்’ என்பதும் காபிக்கடைச் சட்டம்தான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே கேள்வி வரும். உங்கள் வீடு உண்மையில் எந்த நாட்டில் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வீடு, நிலம். மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாகச் சொந்தமாக்க முடியாது, வங்கி அறக்கட்டளை மூலம்தான் முடியும். சப்பாலா அந்த வளையத்துக்கு வெளியே இருப்பதால் சொந்தப் பெயரிலேயே பத்திரம் பதியலாம். பதிகிறவர் நோதாரியோ. பெயரைப் பார்த்து நோட்டரி பப்ளிக் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மாநில அரசு நியமித்த மூத்த வழக்கறிஞர். வில்லங்கம் பார்ப்பது, வரி கணக்கிடுவது எல்லாம் அவர் கையில். விற்பவர் கைகாட்டும் நோதாரியோவிடம் போகாமல் நீங்களே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

பாதி விலையில் இடம் வருகிறது என்றால் அது எஹீதோ நிலமாக இருக்கலாம். விவசாயிகளுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் அது. முறைப்படி தனியார் உடைமையாக மாறாதவரை உங்களுக்கு வெறும் காகிதம்தான் கிடைக்கும். ஏரியை ஒட்டிய புல்வெளி இதைவிட மோசமான ஆசை. சப்பாலா ஆழமில்லாத ஏரி. லெர்மா ஆற்றில் வரத்து குறைந்தால் கரை நூற்றுக்கணக்கான மீட்டர் உள்வாங்கும். 2001-02 வாக்கில் அப்படித்தான் வறண்டது. காய்ந்த இடத்தில் வேலி போட்டுத் தோட்டம் வைத்தவர்கள் உண்டு. ஏரிப் படுகையும் அதை ஒட்டிய 10 மீட்டர் பட்டையும் மத்திய அரசின் சொத்து. அரசின் அனுமதிப் பத்திரம் இருந்தால் பயன்படுத்தலாம், உரிமை வராது. தண்ணீர் திரும்பி வரும்போது உங்கள் மாமரத்தைக் கேட்டுக்கொண்டு வராது.

கரண்டு பில்லில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சி.எஃப்.இ. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் போடும். குறைந்த உபயோகத்துக்கு நல்ல மானியம். ஆனால் 12 மாத சராசரி, மாதத்துக்கு 250 யூனிட்டைத் தாண்டினால் ‘டாக்’ என்கிற உயர் கட்டணத்துக்குள் போய்விடுவீர்கள். அங்கே மானியமே கிடையாது. சராசரி என்பதால் ஒரு மாதம் சிக்கனமாக இருந்து தப்பிக்கவும் முடியாது. ஜனவரி இரவுகளில் மூன்று ஹீட்டர் போட்ட ஒரு தம்பதி அடுத்த கோடை வரை அதற்கு விலை கொடுத்தார்கள். ஒரு நல்ல கம்பளி வாங்கியிருக்கலாம்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கர்ரஃபோன் என்கிற 20 லிட்டர் கேன் வீட்டு வாசலுக்கே வரும். சமையல் கேஸ் பெரும்பாலும் மொட்டை மாடியிலுள்ள நிலையான தொட்டியில்; லாரி வந்து குழாய் மூலம் நிரப்பும். நிரப்பும் ஆள் மேலே ஏறும் முன் இரண்டைப் பாருங்கள்: உங்கள் தொட்டியின் முள் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது, லாரி மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா. நான் இரண்டு வருடம் கீழே நின்று பணத்தை மட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

விலைப்பட்டியலில் டாலர் குறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெசோவுக்கும் அதே குறிதான். ஏ.டி.எம்மில் ‘உங்கள் நாட்டுப் பணத்துக்கு மாற்றித் தரட்டுமா’ என்று திரை கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், மாற்று விகிதத்தில் நஷ்டம். மூக்கடைப்புக்கு அமெரிக்காவில் சாதாரணமாக விற்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரை இங்கே தடை செய்யப்பட்டது, பெட்டியில் போடாதீர்கள்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் அது இடப்பக்கம் திரும்பப் போகிறது என்றும் இருக்கலாம், ‘பாதை காலி, நீ முந்திப் போ’ என்றும் இருக்கலாம். எது என்று நிச்சயமாகத் தெரியாமல் முந்தாதீர்கள். ஏரிக்கரைச் சாலையில் எங்கு போவதற்கும் அவ்வளவு அவசரம் கிடையாது.

நவம்பர் இறுதியில் சான் அந்திரேஸ் திருவிழா. ஒன்பது நாளும் விடியற்காலையிலேயே கொஹேத்தே என்ற வாணங்கள் வானத்தில் வெடிக்கும். நம் கோயில் அதிர்வேட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. வெளிநாட்டவர் சிலர் நாய் பயப்படுகிறது என்று நகராட்சிக்கு மனு எழுதக் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். நான் போடுவதில்லை. அந்த விழா அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடக்கிறது. தவிர, அரசியலில் வெளிநாட்டவர் தலையிடக் கூடாது என்று மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு சொல்கிறது. உள்ளூர்க்காரர்கள் தண்ணீருக்காகவோ சாலைக்காகவோ மறியல் செய்யும்போது பதாகை பிடிக்கப் போவதற்கு முன் இது நினைவிருக்கட்டும்.

கடைசியாக, வீட்டு வரி. ஜனவரியில் கட்டினால் தள்ளுபடி உண்டு என்பதால் நகராட்சி அலுவலகத்தில் வரிசை நீளமாக இருக்கும். உள்ளே நுழையும்போது யாரிடம் என்றில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக ‘புவெனோஸ் தியாஸ்’ சொல்லுங்கள், மதியம் 12 தாண்டினால் ‘புவெனாஸ் தார்தெஸ்’. சொல்லாமல் நேரே கவுண்டருக்குப் போகிறவர்களுக்கு அன்று ஏதோ ஒரு காகிதம் குறைந்துவிடுகிறது. போன வருட ரசீதையும் எடுத்துப் போங்கள், சொத்தின் கணக்கு எண் அதில்தான் இருக்கிறது.